முகத்துவாரம் வெட்டிய நாள்

ஒரு லைன் போனால் சரி, காலக்கோளாறு என்று விட்டுவிடலாம். இரண்டு லைனும் ஒன்றன்பின் ஒன்றாக, அதுவும் இரண்டாவது தடவையாகப் போனால் யாரோ கை வைத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்? சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு மிச்சமிருந்த ஒரு பச்சை விளக்கும் சிவப்பாகியபோது கேதீஸ்வரி அப்படித்தான் நினைத்தாள். நினைப்போடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

ஆரையம்பதிக்காரி. முப்பத்தாறு வயது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் பதினொரு வகுப்பு மண்டபங்களுக்கு நேரடி வீடியோப் பாடம் கொண்டுபோகும் கம்பனியில் நெட்வேர்க் முழுவதையும் வரைந்தவள் அவள்தான். மாஸ்டர் மட்டக்களப்பு டவுனில் கரும்பலகை முன்னால் நின்று படிப்பிப்பார். அக்கரையில் பிள்ளைகள் திரையில் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். பழைய பாடங்கள் அந்தந்த மண்டபத்துப் பெட்டிக்குள்ளேயே பதிந்து கிடக்கும். லைன் இல்லாவிட்டாலும் அவை ஓடும். நேரடி வகுப்புக்குத்தான் லைன் உயிர்.

அதனால்தான் அவள் இரண்டு வழி போட்டாள். ஒன்று பைபர் கேபிள். தூண் தூணாகத் தொங்கிக்கொண்டு டவுனுக்குப் போய், வலையிறவுப் பாலத்தால் அக்கரை ஏறி, சுற்றிக்கொண்டு வரும். மற்றது ஆரையம்பதி டவரில் இருந்து தண்ணீருக்கு மேலால் நேரே மகிழடித்தீவு டவருக்குப் பாயும் ரேடியோ லைன். ஒன்று தரையால், மற்றது ஆகாயத்தால். ஒன்றை ஒன்று எங்கேயும் தொடாது. எதனால் லைன் போகலாம் என்று முப்பத்தொரு காரணம் எழுதி வைத்திருந்தாள் கேதீஸ்வரி: மின்வெட்டு, இடி, லொறி, தேங்காய் மட்டை, அணில் கடி, யானை தூணில் முதுகு தேய்ப்பது வரைக்கும். படத்தில் வாவியை மட்டும் வெறும் நீலமாக விட்டிருந்தாள். அங்கே உடைய என்ன இருக்கிறது?

ஐப்பசியில் மழை பிடித்து வாவி நிரம்பியிருந்த நேரம்தான் டவர் எழுந்து வேலை தொடங்கியது. கார்த்திகைக் கடைசியில் முதல் அடி விழுந்தது. காலையில் பைபர் அறுந்தது, மறுநாள் ரேடியோவும் மெல்ல மெல்ல மங்கிப் படுத்தது. அந்த இரண்டு நாளும் இஷாம் லீவு.

இஷாம் காத்தான்குடிப் பொடியன். இருபத்தேழு வயது. எண்பதடி டவரில் மழைக்குள் ஏறுகிற ஆள் கம்பனியில் அவன் ஒருவன்தான். உம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் போனவன் மூன்றாம் நாள் வந்தான், ஏறினான், ஆணியெல்லாம் இறுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் திரும்ப ஏறி டிஷ்ஷில் கை வைத்தான், லைன் வந்துவிட்டது. கீழே நின்ற எல்லாரும் கை தட்டினார்கள். கேதீஸ்வரியும்தான் தட்டினாள். தட்டிய கைக்குத்தான் வீட்டுக்கு வந்த பிறகு அரிப்பெடுத்தது. ஆணியில் கோளாறு இல்லை, டிஷ் வயரில் கோளாறு இல்லை, மின்சாரத்தில் கோளாறு இல்லை. பிறகு எதைத் தொட்டு எதைத் திருத்தினான் இவன்?

இப்போது மார்கழி. உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது, திங்கட்கிழமை இரசாயனவியல். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குக் கடைசி மீட்டல் வகுப்பு. வியாழன் பின்னேரம் இஷாம் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"அக்கா, நாளைக்கும் சனிக்கிழமையும் லீவு வேணும். உம்மாக்குச் சுகமில்ல."

வெள்ளி காலை ஏழு மணிக்குப் பைபர் போனது.

கேபிள் கம்பனிக்காரன் போனில் சொன்னான்: "வலையிறவுப் பாலத்தடியில மிஸ். வெட்டின மாதிரித் தெரியல்ல. பிடிச்சு இழுத்த மாதிரிக் கிடக்கு. ஞாயிறுதான் வரலாம், அங்கால ரோட்டெல்லாம் தண்ணி."

பிடித்து இழுத்த மாதிரி! அந்தச் சொல்லை அவள் ஒரு துண்டில் எழுதி மேசையில் வைத்தாள். கம்பனி முதலாளி உதயரூபன் கொழும்பிலிருந்து அழைத்தபோது அது அங்கேயேதான் இருந்தது.

"கேதீஸ், மற்ற லைனும் போச்செண்டா எனக்கு ஒரு பேர் வேணும். எழுத்தில தாங்க. நான் பொலிசுக்குக் குடுக்கிறன்." கொஞ்சம் பொறுத்து, "அந்த டவர் ஏறுற பொடியன் காத்தான்குடியான்தானே?" என்றார்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சேர்?" என்று அவள் வெடுக்கென்று கேட்டாள்தான். நான் தமிழ், முஸ்லிம் என்று ஆள் பார்க்கிறவள் இல்லை என்று தனக்குள் இரண்டு மூன்று தரம் சொல்லியும் கொண்டாள். அப்படிப் பார்க்காதவளுக்கு அதை ஒரு தரம் சொன்னால் போதாதா?

சனி விடியவே ரேடியோ மங்கத் தொடங்கியது. ஒரேயடியாகப் போகவில்லை, மணிக்கு மணி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, யாரோ ஒளிந்திருந்து டிஷ்ஷை மெல்லத் திருப்புகிற மாதிரி. பத்தரைக்கு முழுதாகப் படுத்துவிட்டது. கேதீஸ்வரி இஷாமின் போனுக்கு அடித்தாள். நிறுத்தி வைத்திருந்தான். வீட்டு நம்பருக்கு அடித்தாள். அவனுடைய உம்மா நபீஸாவே எடுத்தார்.

"உம்மா, உங்களுக்குச் சுகமில்லையெண்டு இஷாம் சொன்னார், அதான்…"

"எனக்கா? எனக்கென்ன மகள், அல்லாட காவல்ல நல்லாத்தான் இரிக்கன். அவன் வேலைக்கெண்டு சுபஹ் தொழுத கையோட போயிட்டானே. ஏன், அங்க வரல்லியா?"

"வந்திருப்பார் உம்மா. நான்தான் காணல்ல."

போனைப் படாரென்று வைத்தாள். கோபம்தான். ஆனால் உள்ளுக்குள்ளே ஒரு மூலையில், பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷமும் இருந்தது. அதை அவள் பிறகு நெடுநாள் வெட்கத்தோடு நினைத்துப் பார்த்தாள்.

போன மாதம் ஏறாவூர் நளீருடைய ஆளோடு இஷாம் தேத்தண்ணிக் கடையில் இருந்ததை அவளே கண்டிருந்தாள். நளீரும் இதே தொழில் தொடங்கப் போகிறார் என்று ஊரில் கதை. கேட்டதற்கு, "வரச் சொல்லிக் கேக்காங்க அக்கா. நான் மாட்டன் எண்டுட்டன்" என்று சிரித்தான். எவ்வளவு லேசாகச் சிரித்தான், கள்ளன்!

மண்முனைப் பாலத்தால் மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு அவள் மகிழடித்தீவு மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. வெள்ளத்தில் அந்தப் பக்கத்துப் போன் டவரும் செத்திருந்தது. கையில் இருந்த போன் மணி பார்க்க மட்டும்தான். மண்டபத்துக்குள் அறுபது பிள்ளைகள். பொறுப்பாக இருந்த அஜந்தா பெட்டியில் இருந்த பழைய பாடத்தை ஓட விட்டிருந்தாள். ஒரு பெட்டை எழும்பி, "மிஸ், மூணு மணிக்கு வகுப்பு வருமா? மாஸ்டரிட்டக் கேக்க எட்டுக் கணக்குக் கிடக்கு" என்று கேட்டாள். கேதீஸ்வரியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூலையில் இருந்து லெப்டொப்பைத் திறந்து எழுதினாள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு கடகடவென்று. இரண்டு தடவை லைன் போனதும் இஷாமின் லீவும் ஒரே திகதிகள். உம்மாவின் பெயரில் பொய். போன தடவை அவன் கை வைத்ததும் காரணமில்லாமல் லைன் வந்தது. கேபிள் பிடித்து இழுக்கப்பட்டிருக்கிறது. கடைசியில் எழுதினாள்: "ஏறாவூர் நளீரின் கம்பனிக்குப் போவதற்காகவே இஷாம் நமது லைன்களைக் கெடுக்கிறார் என்று உறுதியாக நம்புகிறேன்." உதயரூபனின் முகவரி போட்டு, அனுப்பு என்று அழுத்தினாள். லைன் இல்லாததால் கடிதம் போகாமல் வரிசையில் நின்றது. நிற்கட்டும், எப்போது லைன் வருகிறதோ அப்போது தானாகப் போகும். ஒப்படைத்தது எதுவும் தொலையக்கூடாது என்பதுதான் அவளுடைய தொழில்.

இரண்டு மணிக்கு இஷாம் வந்து இறங்கினான்.

சாரத்தை மடித்துக் கட்டியிருந்தான். முழங்கால் வரை கடல்மண். கண் சிவந்து, உப்பு பூத்த முகம். கையில் இருந்த கறுத்தப் பொலித்தீன் பையை அவளைக் கண்டதும் படிக்கட்டுக்குப் பின்னால் மெல்ல ஒளித்து வைத்தான்.

"போன இப்பதான் பாத்தன் அக்கா. உங்கட மிஸ்கோல் கிடந்திச்சி. ஒஃபிஸுக்கு அடிச்சன், நீங்க இஞ்ச எண்டாங்க. ரேடியோவும் போச்சா?"

"உம்மாக்கு எப்படி?" என்றாள் கேதீஸ்வரி.

அவன் மண்ணைப் பார்த்தான். "இப்ப… பரவாயில்ல."

"பையில என்ன?"

"ஒண்டுமில்ல அக்கா, பிறகு சொல்றன். முதல்ல இதப் பாப்பம்." பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மண்டபத்துப் பக்கத்து டவரில் ஏறத் தொடங்கிவிட்டான்.

ஏறு, ஏறு. போன தடவை போல இன்றைக்கும் நாடகம் ஆடு. அவன் என்னதான் செய்கிறான் என்று எட்ட நின்று பார்க்க அவள் வாவிக் கரைக்கு நடந்தாள். கரையில் ஒரு தோணி சேற்றில் குந்தியிருந்தது. அதன் சொந்தக்காரர் அருமைநாயகம், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அதைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க புள்ள! முந்தநாள் தோணியக் கட்டக்குள்ள இஞ்ச இடுப்பளவு தண்ணி. இப்ப இத ஆர் தள்றது, நாரி நோவோட?"

"ஏன், தண்ணிக்கு என்ன நடந்தது?"

"இதென்ன கேள்வி? முகத்துவாரத்து மண்ண வெட்டி, வாவித் தண்ணியக் கடலுக்கு விட்டிட்டானுகளே, நேத்துப் பகல். வட்டையெல்லாம் வெள்ளாமை தாழுது எண்டு வயல்காரப் போடியார்மார் அழுது வெட்டுவிச்ச. கார்த்திகையில வெட்டினது நாலு நாளில மண் மூடித் திரும்பத் தண்ணி ஏறிற்றுதானே. அதால இந்த முறை ஆழமா வெட்டியிருக்கானுகள்."

கேதீஸ்வரி கிட்டே வந்தாள். "எதால வெட்டின?"

"மண் தோண்டுற பெக்கோவாலதான். இங்கால வாய்க்கால் வேலைக்கு நிண்ட பெக்கோ. நேத்து விடிய லொறியில ஏத்தி, வலையிறவுப் பாலத்தால, முகத்துவாரம் கிடக்கிற பாலமீன்மடுவுக்குக் கொண்டு போனானுகள். அந்தக் கோதாரியில போறவன் அதுட கைய மடக்காம, ரோட்டுக்குக் குறுக்கால கிடந்த வயரெல்லாத்தையும் கொழுவி இழுத்துக்கொண்டு போயிட்டானாம். போன முறையும் இதே கூத்துத்தான்."

"போன முறையும்…"

"ஓம். இப்ப ஊர்ச் சனம் முழுக்க வலையோட அங்கதான் நிக்கிது. வாய் திறந்தா இறால் அள்ளுண்டு போகுமே, ரெண்டு நாளைக்கு அங்க திருவிழாதான். தமிழாக்கள், சோனகாக்கள், வேலைக்குப் போற ஆக்கள் எல்லாரும். கள்ள லீவு எடுக்காதவன் ஆர்? என்ட இந்த நாரிதான் என்னை விடல்ல."

அவள் சேற்றுக்குள் கால் புதைய அப்படியே நின்றாள். தோணி கட்டியிருந்த கம்பில் ஈரக்கோடு இரண்டரை அடி உயரத்தில் தெரிந்தது.

டிஷ்ஷில் இருந்து கிளம்பும் அலை முழுவதும் நேரே அக்கரைக்குப் போவதில்லை. ஒரு பங்கு வாவித் தண்ணீரில் பட்டுத் தெறித்தும் போகும். இரண்டும் போய்ச் சேரும் இடத்தில் ஒன்றுக்கொன்று கைகொடுத்தால் படம் ஓடும். ஒன்றை ஒன்று பிடித்துத் தள்ளினால் ஒன்றுமே இல்லை. நிறைந்த வாவிக்குப் பார்த்து அவள் டிஷ் கட்டியிருந்தாள். வாவி இறங்கினதும் தெறிக்கும் வழி மாறிவிட்டது. ஆரையம்பதி டிஷ்ஷை இறக்க ஆள் இல்லை, இந்த ஒன்றையே இரண்டு பங்காய் இறக்க வேண்டும். பிறந்த நாளில் இருந்து வாவிக் கரையில் இருக்கிறவளுக்கு, முகத்துவாரம் வெட்டுவது வெள்ளாமைக்காரர் விஷயமாகிப் போயிருந்தது! முப்பத்தொரு காரணம் எழுதினாளே, யானை முதுகு வரைக்கும் எழுதினாளே, வருசா வருசம் கண்ணுக்கு முன்னால் நடக்கிறதை எழுதினாளா? பைபரை அறுத்ததும் அந்த முகத்துவாரம்தான், ரேடியோவைப் படுக்க வைத்ததும் அதுதான், இஷாமின் உம்மாவுக்குப் பொய்க் காய்ச்சல் வந்ததும் அதனால்தான். போன முறை வாய் மூடித் தண்ணீர் ஏறியதும் லைன் தானாக வந்திருக்கிறது, இஷாம் கை வைத்ததால் அல்ல.

மணி இரண்டு முப்பத்தைந்து. அவள் டவரை நோக்கி ஓடினாள்.

"இஷாம்! ஆணியில ஒண்டுமில்ல! டிஷ்ஷக் கழட்டி ஆறடி இறக்கிக் கட்டு!"

"என்னத்துக்கு அக்கா?"

"தண்ணி இறங்கிட்டு! இறக்கு, பிறகு சொல்றன்!"

அவன் ஸ்பேனரை எடுத்தான். காற்று அறைந்தது, தூறலும் தொடங்கியது. ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் ஆணி ஆணியாகக் கழற்றினான், டிஷ்ஷைத் தோளில் தாங்கி இறக்கினான், திரும்பப் பூட்டினான். கீழே அவள் மணியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு ஐம்பத்தெட்டுக்கு மண்டபத்துக்குள் இருந்து ஓவென்று ஒரு சத்தம். திரையில் மாஸ்டர், கையில் சுண்ணக்கட்டியோடு. "ஆ, மகிழடித்தீவு வந்திட்டீங்களா?" என்றார்.

கேதீஸ்வரி சின்னப்பிள்ளை மாதிரிக் கை தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தவளுக்குத் திடீரென்று கை அப்படியே நின்றது.

கடிதம்!

படியில் தடுக்கி, கதிரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். லெப்டொப்பில் வரிசை வெறுமையாக இருந்தது. அனுப்பப்பட்டது, 2.58. அவள் சொல்லி, அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எழுப்பிய லைனில் முதலில் ஏறிப் போனது அதுதான்.

மண்டபத்து வைஃபையில் அவளுடைய போன் அப்போதே அடித்தது. உதயரூபன். அவள் வெளியே வந்தாள்.

"கிடைச்சிது கேதீஸ். நான் நினைச்சதுதான். இப்பவே பொலிசுக்கு அடிக்கிறன்."

"அடிக்காதீங்க சேர். எல்லாம் பிழை. நான் எழுதினது முழுக்கப் பிழை." நடந்ததை மூச்சு விடாமல் சொன்னாள்.

"நீங்கதானே உறுதியா நம்புறன் எண்டு எழுதியிருக்கீங்க?"

"ஓம், எழுதினன். இப்ப மற்றக் கடிதம் எழுதுறன். அதில பிழை செய்த ஆள்ட பேர் இருக்கும், என்ட பேர். அவன்ட பேரைக் கொண்டு நீங்க பொலிசுக்குப் போனா, நான் அங்க வந்து உங்களுக்கு எதிராச் சொல்லுவன்."

"சரி, சரி. விடுங்க" என்று வைத்துவிட்டார்.

திரும்பினாள். இஷாம் பெல்ட்டைக் கழற்றாமல் பின்னால் நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ.

"என்ட பேரா அக்கா?"

மறைத்திருக்கலாம். வாயில் ஒரு பொய் வந்தும் நின்றது. சொல்லவில்லை. லெப்டொப்பைக் கொண்டுவந்து படிக்கட்டில் வைத்துக் கடிதத்தை முதல் வரியில் இருந்து வாசித்தாள். நளீரின் பெயர் வந்தது. நிறுத்தி, தண்ணீர் குடித்து, மிச்சத்தையும் வாசித்தாள்.

"உம்மாக்குக் காய்ச்சல் எண்டது பொய்தான்" என்றான் கடைசியில். "இறாலுக்கெண்டு கேட்டா லீவு தரமாட்டீங்க எண்டு நினைச்சன். அது என்ட பிழை. உம்மாட்டயும் கேட்டீங்களா?"

"கேட்டன்."

"அவ இப்ப நான் எங்க போனன் எண்டு பதறிக்கிட்டு இரிப்பா." முகத்தைத் துடைத்துக்கொண்டான். மழையோ என்னவோ. "லைனுக்கு ரெண்டு வழி வச்சீங்க அக்கா. ஒண்டு அறுந்தா மற்றதால போகட்டும் எண்டு. எனக்கு ஒரு வழி வச்சீங்களா? இஷாம், எங்கடா போன எண்டு நேரா ஒரு வார்த்த கேட்டா நான் சொல்லியிருப்பனே."

"மன்னிச்சுக்கொள்ளு தம்பி" என்றாள். அழுகை வந்தது, அழுதாள்.

அவன் மோட்டார் சைக்கிள் வரை போய்த் திரும்பி வந்தான். படிக்கட்டுக்குப் பின்னால் இருந்த பையை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தான். உள்ளே இறால், ஒன்றிரண்டு இன்னும் மீசையை அசைத்துக்கொண்டிருந்தன. "உங்களுக்கெண்டு பொறுக்கி எடுத்த. உங்கட வீட்ட குடுத்திட்டுச் சொல்லுவம் எண்டு நினைச்சன்." மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

திங்கட்கிழமை காலையில் பெல்ட்டும் ஹெல்மெட்டும் ஆணிப்பெட்டியும் அவளுடைய மேசையில் இருந்தன, துடைத்துச் சுத்தமாக. மத்தியானம் அஜந்தா வந்து சொன்னாள், இஷாம் நளீரிடம் சேர்ந்துவிட்டானாம். கேதீஸ்வரியின் கடிதத்தில் இருந்த அத்தனை பொய்யிலும் அது ஒன்றுதான் உண்மையாகியது.

அவள் நெட்வேர்க் படத்தை எடுத்து விரித்தாள். காரணப் பட்டியலில் முப்பத்திரண்டாவதாக, "முகத்துவாரம் வெட்டுதல்" என்று எழுதினாள். அதற்குப் பக்கத்தில், யாரிடம் கேட்க வேண்டும் என்ற கட்டத்தில், இஷாம் என்று எழுதி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அழித்தாள்.